டிரைவர் பக்கம் ஆறு, கிளீனர் பக்கம் மலை

ஓட்டை வேன் ஒன்றை வாங்கி ஓடவைத்தேன். அது ஓடி ஓடி இன்னொரு வேனைக் கொண்டுவந்தது. ஜங்ஷனில் ஒரு மாடிப்படிக்குக் கீழே ஆபீஸ் போட்டேன். நான் உள்ளே உட்கார்ந்தால் வருகிறவர் வெளியே நிற்கணும், ஆனாலும் ஆபீஸ் ஆபீஸ்தானே. தச்சநல்லூரில் மழைக்கு ஒழுகாத வீடு கட்டினேன். இரண்டு பெண்களைப் பட்டம் வாங்கவைத்தேன். தொண்ணூறுகளில், தாமிரபரணிக் கரையில் அதுவரை யாருக்கும் தோன்றாத ஒன்றைச் செய்தேன்: வண்டி போகப் போக வழியைச் சொல்லிக்கொண்டே வருகிற கேசட். இவ்வளவும் செய்தவன் அஞ்சாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். லாரியில் கிளீனராக ஏறி, டிரைவராக இறங்கி, பிறகு முதலாளியாக நடந்தவன். ஒரு கையெழுத்துப் போடுவதற்கே எனக்கு உட்கார இடமும் கொஞ்ச நேரமும் வேணும். இதைக்கூட நான் சொல்லச் சொல்ல என் இளைய மகள்தான் எழுதுகிறாள். நடுநடுவே சிரிக்கிறாள். சிரிக்கட்டும்.

மற்றதெல்லாம் என் பேரில் இருக்கிறது. வண்டிப் புத்தகத்தில் என் பேர், வீட்டுப் பத்திரத்தில் என் பேர், மகள்களின் இனிஷியலில் என் பேர். கேசட்டில் மட்டும் கிடையாது. அதனால்தான் இதைச் சொல்ல உட்கார்ந்தேன்.

கேசட் எதற்காக வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். என் வேனில் ஏறினவர்கள் ஊர் பார்க்க மட்டும் ஏறவில்லை, என் பேச்சைக் கேட்கவும் ஏறினார்கள். திருநெல்வேலியில் இருந்து பாபநாசம் போகிற பாதையில் எனக்குத் தெரியாத கல் கிடையாது. வண்டியை ஓட்ட ஆள் வைத்துக்கொண்டு, நான் முன்னால் இன்ஜின் பெட்டி மேல் ஏறி, கண்ணாடிக்கு முதுகைக் காட்டி, ஜனங்களைப் பார்த்தபடி உட்கார்ந்துகொள்வேன். கோயில் வந்தால் கோயிலைச் சொல்வேன், வாய்க்கால் வந்தால் அது எந்த அணையில் பிரிகிறது என்று சொல்வேன், ஒன்றும் வராவிட்டால் என் கதையைச் சொல்வேன். மைக் கிடையாது. இன்ஜின் போடுகிற சத்தத்துக்கு மேலே என் சத்தம். பத்து வருஷத்துக்கு மேல் அப்படியே ஓடியது.

இரண்டாவது வேன் வந்தபோதுதான் வில்லங்கமும் வந்தது. "அண்ணாச்சி வார வண்டி எது?" என்று கேட்டு எல்லாரும் அதிலேயே ஏறுவார்கள். புது வண்டி, புது சீட்டு, ஆனால் ஆள் ஏறமாட்டார்கள். அதன் டிரைவர் நல்ல ஓட்டக்காரர்தான், பாபநாசம் போய்த் திரும்பும் வரைக்கும் மொத்தமாகப் பத்து வார்த்தை பேசினால் அதிகம்.

ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார் ஒருவர் தினமும் காலையில் என் ஆபீஸுக்குப் பேப்பர் படிக்க வருவார். சேரன்மகாதேவி ஆத்தங்கரைக்காரர். ஒல்லியான ஆள், கூர்மையான நாக்கு. அவர்தான் கேட்டார்:

"என்ன வே, வண்டி ரெண்டு வாங்கிட்டீரு. வாய் ஒண்ணுதானே இருக்கு?"

"வாயையும் ரெண்டாக்கிருவோம் சார்," என்றேன். "உங்க மருமகப்பிள்ளை மஸ்கட்ல இருந்து கொண்டாந்த டேப்பு வீட்டுல சும்மாதான கிடக்கு?"

இந்த இடத்தை நன்றாகக் கவனிக்கணும். கேள்வி அவருடையது, யோசனை என்னுடையது. டேப் அவருடையது, அதை நான் ஒருநாளும் மறுத்தது இல்லை.

ஆபீஸில் உட்கார்ந்து பேசிப் பார்த்தேன். வரவில்லை. பத்தமடையைக் கண்ணால் பார்த்தால்தான் எனக்குப் பாய் ஞாபகம் வரும். அதனால் வண்டியிலேயே போய்ப் பதிவு செய்வது என்று முடிவு பண்ணினேன். இதுவும் என் முடிவு. ஒரு வேலைநாளில் காலி வண்டியை எடுத்தோம். டிரைவர், வாத்தியார், நான். வாத்தியார் முதல் சீட்டில் டேப்பை மடியில் வைத்துக்கொண்டார். நான் வழக்கம்போல இன்ஜின் பெட்டி மேல். மைக்கை அவர் நீட்டிப் பிடிக்க, நான் எதிரே இருந்த காலி சீட்டுகளைப் பார்த்துப் பேசினேன். ஆள் இருக்கிறதாகவே நினைத்துக்கொண்டேன். இரண்டு இடத்தில் காலி சீட்டு சிரித்த மாதிரிகூட இருந்தது.

கேசட் ஒரு பக்கம் நாற்பத்தைந்து நிமிஷம். டிரைவரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்: "நாப்பதுக்கு மேல மிதிக்கப்படாது. நாளைக்கு வண்டியும் கேசட்டும் ஒண்ணுபோலப் போகணும்." வீரவநல்லூர் டீக்கடை வாசலில் ஒரு பக்கம் தீர்ந்தது. இறங்கி டீ குடித்து, கேசட்டைத் திருப்பிப் போட்டுப் புறப்பட்டோம். அதிலிருந்து அந்த டீக்கடை எங்கள் சுற்றுலாவில் பார்க்கவேண்டிய இடங்களில் ஒன்றாகிப் போனது.

வழியில் லாரி ஒன்று பின்னாலேயே வந்து ஹாரன் அடித்ததும் அந்தக் கேசட்டில் விழுந்தது. பட்டென்று குறுக்கே வந்த சைக்கிள்காரனை நான் "ஏலே, வீட்டுல சொல்லிட்டா வந்தே?" என்று ஏசினதும் விழுந்தது. அதற்கு முந்தின வாக்கியம் சிவன் கோயிலைப் பற்றியது.

வீட்டுக்கு வந்து எல்லாரையும் உட்காரவைத்துப் போட்டுக் காட்டினேன். வாத்தியார் கண்ணை மூடித் தலையாட்டினார். மகள்கள் கைதட்டினார்கள். என் வீட்டுக்காரி மட்டும், "இத்தனை வருசம் கேட்டது பத்தாதுன்னு இனி கரண்ட் போட்டு வேற கேக்கணுமா?" என்றாள். பாராட்டு அவள் வாயில் இருந்து அப்படித்தான் வரும்.

அந்தச் சமயத்தில்தான் பம்பாய்க்காரர்கள் வந்தார்கள். எல்லாரும் நம் ஆற்றங்கரை ஊர்களில் இருந்து போய் அங்கே வேலை பார்த்துக் குடியேறின குடும்பங்கள். பிள்ளைகளுக்குச் சொந்த ஊரைக் காட்டணும் என்று முப்பது பேர் கிளம்பி வந்திருந்தார்கள். அவர்களுக்குத் தலைவர் மாதிரி ஒரு பெரியவர், பேங்க்கில் இருந்து ஓய்வுபெற்றவர். இரண்டு வண்டியும் வேணும் என்றார். எனக்கு வானத்தில் நடக்கிற மாதிரி இருந்தது.

கேசட் ஓடுகிற புது வண்டியில் பெரியவரையும் வாத்தியாரையும் ஏற்றி முன்னால் விட்டேன். நான் பின் வண்டியில். என் கேசட்டுக்கு ஜனங்கள் எப்படிச் சொக்கிப்போகிறார்கள் என்று பார்க்கணுமே! அதற்காக, பல வருஷத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் நான் முகத்தைப் பாதைப் பக்கம் திருப்பி வைத்து உட்கார்ந்தேன். முன் வண்டியின் பின்கண்ணாடி வழியாக வரிசையாகத் தலைகள் தெரிந்தன.

முன்னீர்பள்ளம் தாண்டினோம். இந்த இடத்தில் நான் ஆற்றைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன். மேற்கே போகிறபோது, வலது பக்கம் வயலுக்கு அந்தாண்டை ஒரு மரவரிசை தெரியும், அதற்குப் பின்னால்தான் தாமிரபரணி. முன் வண்டியில் அத்தனை தலையும் ஒரே சமயத்தில் திரும்பியது. இடது பக்கம்! அங்கே ஒரு செங்கல் சூளை புகைந்துகொண்டிருந்தது. தலைகள் அதையே பக்தியோடு பார்த்தன. ஒரு அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டதும் தெரிந்தது.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பத்தமடை வந்தது. பாய்க் கடை ஒரு பக்கம், பஞ்சர் கடை எதிர்ப்பக்கம். தலைகள் பஞ்சர் கடையைப் பார்த்தன. பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தவர் ஒரு வண்டி நிறைய ஜனம் தன்னைக் கூர்ந்து பார்ப்பதைக் கண்டு எழுந்து நின்று கையை ஆட்டினார். இவர்களும் ஆட்டினார்கள். நடுவில் திடீரென்று முன் வண்டி ஒதுங்கி ஒதுங்கி வழிவிட்டது. பின்னால் என் வண்டியைத் தவிர வேறு வண்டியே கிடையாது. கேசட்டில் இருக்கிற லாரி ஹாரனுக்கு அந்த டிரைவர் வழிவிடுகிறார் என்பது பிறகுதான் தெரிந்தது.

என் வண்டியில் இருந்த ஒருவர், "அண்ணாச்சி, அவங்கள்லாம் அப்படி எதைப் பாக்காங்க?" என்று கேட்டார்.

"அது வேற மாதிரி டூர்," என்றேன். வேறு என்ன சொல்ல?

சேரன்மகாதேவியில் இரண்டு வண்டியையும் நிறுத்தவைத்து ஓடினேன். பேங்க் பெரியவர் இறங்கி வந்தார். பம்பாயில் முப்பது வருஷம் இருந்தும் பேச்சு மட்டும் இங்கனயே இருந்தது.

"அண்ணாச்சி, நீரு சொல்லுத ஆறு ரொம்ப அழகா இருக்கு வே. எங்கன இருக்குன்னுதான் தெரியல."

நான் நம்பவில்லை. வண்டிக்குள் ஏறினேன், கேசட்டைப் பின்னால் ஓட்டிப் போட்டேன். என் குரல் "இடது கைப் பக்கம் பாருங்க, நம்ம தாமிரபரணி" என்றது. நான் இன்ஜின் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தேன். என் இடது கை தானாகத் தூக்கி நீண்டது. நேராக ஆற்றைக் காட்டியது.

"சரியாத்தானே சொல்லிருக்கு?" என்றேன்.

பெரியவர் என் எதிரே சீட்டில் உட்கார்ந்து தன் இடது கையை நீட்டினார். அது தெற்கே போனது. இரண்டு பேரும் எதிரும் புதிருமாகக் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். வண்டி முழுக்கச் சிரிப்பு.

இதுதான் நடந்தது. வருஷக்கணக்காக ஜனங்களைப் பார்த்து உட்கார்ந்தே பேசினவன் நான். என் இடது அவர்களுக்கு வலது. நேரில் பேசும்போது கை காட்டிவிடும், அதனால் வாய் என்ன சொன்னாலும் யாரும் கவனிக்கவில்லை. கேசட்டில் வாய் இருந்தது, கை இல்லை. கல்லிடைக்குறிச்சிக்கும் அம்பாசமுத்திரத்துக்கும் நடுவே ஆற்றுப் பாலத்தில் மட்டும்தான் அந்தக் கேசட் சரியாக இருந்தது. அங்கே இரண்டு பக்கமும் ஆறு.

வாத்தியாரைப் பார்த்தேன். "நீங்க நேராத்தான உக்காந்திருந்தீய சார்? பதியும்போது சொல்லக்கூடாதா?"

"உம்ம கையைப் பாத்தேன் வே, வாயை விட்டுட்டேன்," என்றார். தமிழ் வாத்தியார்! ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னால் என்னை விடமாட்டார். அத்தனை இடது வலதையும் விட்டுவிட்டார். ஆகவே தப்பில் பாதி அவருடையது. பேர் போடும்போது இதையும் சேர்த்துக் கணக்குப் பார்க்கணும்.

பம்பாய்க்காரர்கள் கோபப்படவில்லை. அவர்கள் பிள்ளைகளுக்கு அந்தச் சைக்கிள்காரனை ஏசுகிற இடம் ரொம்பப் பிடித்துப்போய்விட்டது, திரும்பத் திரும்பப் போடச் சொன்னார்கள். பெரியவர் சொன்னார்: "இதைச் சரி பண்ணிக் குடும். ஞாயித்துக்கிழமை ரயிலேறுதோம். குடும்பத்துக்கு ஒண்ணு வேணும். அங்கன போயி வாரத்துக்கு ஒருநாள் கண்ணை மூடிக்கிட்டு ஊருக்குப் போயிட்டு வருவோம்."

அன்றைக்கு மிச்ச வழி முழுக்க நான் இரண்டு வண்டிக்கும் சேர்த்துப் பேசினேன். ஒவ்வொரு இடத்திலும் முப்பது பேரையும் ரோட்டோரம் நிற்கவைத்து, பஸ் சத்தத்துக்கு மேலே கத்தினேன். அகஸ்தியர் அருவியில் அருவிச் சத்தத்துக்கு மேலே கத்தினேன். சாயங்காலம் தச்சநல்லூர் வந்து சேர்ந்தபோது தொண்டையில் வெறும் காற்றுதான் வந்தது. டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, ஒரு வாரம் வாயே திறக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார். என் வீட்டுக்காரி டாக்டரிடம், "பத்து நாளாச் சொல்லிருக்கலாமே," என்றாள்.

மறுநாள் வாத்தியார் ஒரு நோட்டோடு வந்தார். கேசட்டைப் போட்டுக் கேட்டு, நான் பேசினது முழுவதையும் எழுதிவந்திருந்தார். இடது என்று இருந்ததை வலது என்றும், வலதை இடது என்றும் மாற்றிவிட்டார். "முடிஞ்சுது வே. உம்ம தொண்டை எந்திரிக்க நாளாகும். நானே வாசிச்சிருதேன்."

நான் கையை ஆட்டினேன். இன்னும் முடிந்துபோகவில்லை என்று அர்த்தம். ஏனென்றால், என் பழைய வேனில் பின்பக்க சீட்டுகள் எதிரும் புதிருமாகப் போட்டது. பாதிப் பேர் பின்னோக்கித்தான் உட்கார்ந்து வருவார்கள். யார் இடதைச் சொல்வது? இது வாத்தியாருக்குத் தோன்றவில்லை. சொல்லலாம் என்றால் எனக்குக் குரல் இல்லை. எழுதிக் காட்டலாம் என்றால், எழுத்து எனக்கு ஏறாத மலை.

அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வாசலில் நின்ற வண்டிக்குப் போனேன். டிரைவர் கதவை இரண்டு தட்டுத் தட்டினேன். ஸ்டியரிங்கைப் பிடிக்கிற மாதிரி நடித்தேன்.

"வண்டி," என்றார்.

இல்லை என்று தலையாட்டி, மறுபடி கதவைத் தட்டினேன்.

"டிரைவரு?"

ஆமாம் என்று குதித்தேன். அந்தப் பக்கமாகக் கையை நீட்டி ஆறு மாதிரி நெளித்தேன்.

"டிரைவர் பக்கம்... ஆறு?"

அப்படியே அவரையும் இழுத்துக்கொண்டு வண்டியைச் சுற்றி மறுபக்கம் வந்தேன். படியில் ஒரு காலை வைத்துத் தொங்கிக்கொண்டு, தகரத்தில் பட்பட்டென்று அடித்து, வாயைக் குவித்து விசில் கொடுத்தேன். சத்தம் வரவில்லை, காற்றுதான் வந்தது. தெருவில் போன இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். ஒருவர் என் வீட்டுக்காரியிடம், "அண்ணாச்சிக்கு என்ன செய்யுது?" என்று கேட்டார். "தெரியல, நேத்துல இருந்து பேச்சில்ல, நடிப்புதான்," என்றாள்.

வாத்தியார் படியையும் என் காலையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பைய, "கிளீனரு பக்கம்..." என்றார். "ஏ, கிளீனர் பக்கம்! எப்படி உக்காந்தாலும் மாறாதே வே! தலைகீழா நின்னாலும் டிரைவர் பக்கம் டிரைவர் பக்கந்தானே!"

லாரிக்காரர்கள் எல்லாரும் அப்படித்தான் சொல்வோம். கிளீனர் பக்கம் டயர், டிரைவர் பக்கம் விளக்கு. பள்ளிக்கூடத்தில் இதைச் சொல்லித் தருவது கிடையாது. அவர் படித்த படிப்பு முழுக்கத் தேடினாலும் அந்த இரண்டு வார்த்தை கிடைத்திருக்காது. நான் கிளீனராக ரோட்டில் கிடந்த வருஷங்களில் இருந்து எடுத்துக் கொடுத்தேன். வாயைத் திறக்காமல் கொடுத்தேன்.

புதன்கிழமை மறுபடி போய்ப் பதிந்தோம். வாத்தியார் இன்ஜின் பெட்டி மேல், நோட்டோடு. நான் அவர் பக்கத்தில். எங்கே ஆரம்பிக்கணும், எங்கே நிறுத்தணும் என்று அவருக்குத் தெரியாது. ஒரு இடம் எந்த மரத்தில் தொடங்கி எந்த மைல்கல்லில் முடியும் என்பது எனக்குத்தான் தெரியும். அவர் தொடையில் ஒரு தட்டுத் தட்டினால் பேசணும், இரண்டு தட்டினால் நிறுத்தணும். பாபநாசம் போய்ச் சேருவதற்குள் அவர் தொடை சிவந்திருக்கும். "மெதுவா வே, இது தபேலா இல்ல," என்று அவர் சொன்னதும் கேசட்டில் விழுந்ததால், அந்த இடத்தை மட்டும் மறுபடி பதிந்தோம்.

என் ஏச்சை எடுத்துவிட்டார். அதில் எனக்கு வருத்தம்தான். ஆனால் வீரவநல்லூர் தாண்டி ஒரு ஆட்டோ உரசிக்கொண்டு போனது பாருங்கள், தமிழ் வாத்தியார் வாயில் இருந்து "ஏலே மூதி, கண்ணு பெடரியிலயா இருக்கு?" என்று வந்ததே! உடனே அழிக்கப் பார்த்தார். நான் அவர் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். இன்றைக்கும் அது கேசட்டில் இருக்கிறது. பிள்ளைகள் அதற்காகவே கேட்கிறார்கள்.

சனிக்கிழமை பம்பாய்க்காரர்களை அதே வழியில் ஒருதரம் கூட்டிப்போனேன், கேசட்டைச் சோதிப்பதற்காக. பின் வண்டியில் நான், முன்னால் விட்ட பழைய வண்டியில் தலைகள். "டிரைவர் பக்கம் பாருங்க, நம்ம ஆறு." அத்தனை தலையும் டிரைவர் பக்கம். பின்னோக்கி உட்கார்ந்திருந்தவர்களும் டிரைவர் பக்கம். "கிளீனர் பக்கம், தூரத்துல நீலமாத் தெரியுதே, அது மலை." அத்தனை தலையும் அந்தப் பக்கம். நட்ட நாற்று முழுக்க ஒரே காற்றுக்குச் சாய்ந்த மாதிரி இருந்தது. ஆற்றுப் பாலம் தாண்டினதும் ஆறு கிளீனர் பக்கம் வந்துவிடும், அதையும் தலைகள் பிசகாமல் பிடித்தன. என் கண்ணில் தண்ணீர் வந்தது. தொண்டை வலி என்று பக்கத்தில் இருந்தவரிடம் சைகை காட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்டேஷனில் கேசட்டுகள் வந்தன. ஜங்ஷன் கேசட் கடைக்காரர் பிரதி எடுத்து, அட்டை அச்சடித்துக் கொண்டுவந்திருந்தார். கோபுரப் படம், ஆற்றுப் படம், பளபளவென்று இருந்தது. எனக்குப் படிக்க நேரமாகும், ஆனால் என் பேரை எங்கே பார்த்தாலும் அடையாளம் தெரியும். முன்னே பார்த்தேன், பின்னே பார்த்தேன். மகளிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். "ஆக்கமும் குரலும்" என்று வாத்தியார் பேர். "ஒலிப்பதிவு" என்று கடைக்காரர் பேர். அடியில் பொடி எழுத்தில் "வாகன உதவி: நண்பர்கள்."

நண்பர்கள்! என் பேர்கூட இல்லை, நண்பர்களாம்.

வாத்தியாருக்கு முகம் செத்துவிட்டது. "நான் அப்படிச் சொல்லல வே. நோட்டை அவர்ட்ட குடுத்தேன், கையெழுத்து என்னுதுன்னு அவரே போட்டுட்டாரு," என்றார். எனக்குத்தான் வாய் இல்லையே. கடைக்காரர் தோளைத் தட்டி, "அட்டை நெறைய அடிச்சாச்சு அண்ணாச்சி. இது தீரட்டும், அடுத்ததுல உங்க பேரைப் பெருசாப் போட்டுருவோம்," என்றார். ரயில் கிளம்பிவிட்டது. பேங்க் பெரியவர் ஜன்னல் வழியாக அட்டையைத் தூக்கிக் காட்டி, "அருமை, அருமை" என்று கத்திக்கொண்டே போனார்.

கேசட் தீர்ந்தது, மறுபடி பிரதி எடுத்தார்கள். அதுவும் தீர்ந்தது. அட்டை மட்டும் தீரவே இல்லை. வருஷா வருஷம் போய்க் கேட்பேன். "இன்னும் ஒரு கட்டு இருக்கு அண்ணாச்சி," என்பார். இதற்குள் அந்தப் பாதையில் ஓடுகிற மற்ற வேன்காரர்களும் டிரைவர் பக்கம், கிளீனர் பக்கம் என்றே சொல்லப் பழகிவிட்டார்கள். ஒரு வேனில் கிளீனரே கிடையாது, அதிலும் கிளீனர் பக்கம்தான். அது எங்கே இருந்து வந்தது என்று கேட்டால், "வாத்தியார் கேசட்ல வரும்லா" என்கிறார்கள்.

இப்போது அந்தக் கேசட்டை சி.டி. தகடாகப் போடப்போகிறார்களாம். புது அட்டையாம். கடைக்காரர் மகன்தான் இப்போது கடையைப் பார்க்கிறார், நல்ல பிள்ளை. அவருக்கும், கேட்கப்போகிற எல்லாருக்கும் சொல்லுகிறேன். குரல் வாத்தியாருடையது, அதில் எனக்கு எந்தப் பேச்சும் இல்லை. அவர் பேர் இருக்கட்டும். வேணும் என்றால் அவரிடமே போய்க் கேளுங்கள், காது கொஞ்சம் மந்தம், உரக்கக் கேட்டால் உண்மையைச் சொல்வார். ஆனால் அந்த வழி என்னுடையது, அதில் பேசுகிற பேச்சு என்னுடையது, பக்கம் பிரித்தது நான். அட்டையில் குரலுக்கு மேலே, "வழியும் சொல்லும்" என்று போட்டு என் பேரைப் போடணும். நண்பர்கள் என்பதை எடுத்துவிடணும். எனக்கு இனிஷியல் இரண்டு. இரண்டையும் போடணும். அச்சுக்குக் கொடுக்கிறதற்கு முன்னால் என் மகளிடம் ஒருதரம் காட்டணும்.